எதிராளி மூலையில் கிடந்தவர்கள்

ஹெப்பிள்டன் ஊரில் செத்தவர்கள் கூ அடிக்கத் தொடங்கிய சனிக்கிழமை மழை பெய்யவில்லை. ஊர்க்காரர்களுக்கு முதலில் அதுதான் அதிசயமாக இருந்தது. இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்தில் சனிக்கிழமையென்றால் மழையும் கால்பந்தும் கைகோத்துக்கொண்டுதான் வரும். அன்றைக்கு வெயிலடித்தது, மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் நின்றார்கள், ஆட்டம் தொடங்கிப் பதினோராவது நிமிடத்தில் ஹெப்பிள்டன் அல்பியனின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் காலுக்குள் வந்த பந்தைக் கோட்டை விட்டான், அப்போது புல்லுக்கு அடியிலிருந்து முந்நூறு பேர் ஒரே மூச்சில் கூ அடித்தார்கள். ஆட்டக்காரர்கள் சுடுமணலில் நிற்பவர்களைப் போலக் காலை மாற்றி மாற்றித் தூக்கினார்கள். நடுவர் நிலத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், விதிப்புத்தகத்தில் இதற்கென்று ஒன்றும் எழுதியில்லை என்பது ஞாபகம் வந்ததும் விசிலை ஊதி ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்.

அல்பியன் லேசுப்பட்ட கழகமில்லை. நூற்று நாற்பது வருசத்துக்கு முன்னால் தோல் பதனிடும் தொழிலாளிகள் தொடங்கியது. சட்டை மண்ணிறம், அதில் கடுகு மஞ்சள் பட்டி. மைதானத்துக்குள் ஓடிவரும் முன் கப்டன் வாசல் சுவரில் ஆணியடித்திருக்கும் மாட்டுத்தோல் துண்டை இடது கையால் தடவ வேண்டும், மறதியில் வலது கையால் தடவிய ஒரு கப்டனை அடுத்த கிழமையே வேறு கழகத்துக்குத் தள்ளிவிட்டார்கள். தங்கள் பக்கம் கோல் விழுந்தால் கைதட்டுவதற்கு முன்னால் ஆற்றுக்கு அந்தக் கரையிலுள்ள ரெட்மார்ஷ் ஊரைப் பார்த்து ஒரு தரம் கூ அடிக்க வேண்டும், ரெட்மார்ஷ்காரர் அன்றைக்கு அந்த ஊரிலேயே இல்லாவிட்டாலும் சரி. கோப்பை ஆறு தரம் வாங்கியிருக்கிறார்கள், ஆனால் நாடு முழுக்க அவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கோப்பையல்ல, அந்தக் கூ. வெறுப்பையும் கூ அடித்துக் காட்டுவார்கள், பாசத்தையும் கூ அடித்தே காட்டுவார்கள், பாசத்தைக் காட்டிப் பார்த்தவர்கள் அந்த ஊரில் மிகக் குறைவு.

பாரம்பரியங்களிலெல்லாம் பெரியது சாம்பல். நாற்பது வருசம் விடாமல் ஆட்டம் பார்க்க வந்த ஒருவர் செத்தால், அவருடைய சாம்பலைச் சொந்த ரசிகர்கள் நிற்கும் மேற்குப் பக்கத்தில், கோல் கம்பத்துக்கு முன்னால் புதைக்கலாம். திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் குடும்பம் கறுப்பு உடுப்போடு வரும். மைதானக்காரர் ஒரு சதுரப் புல்லைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி விடுவார். குடும்பம் சாம்பலைக் கொட்டி, அழுது, கழகத்தின் பாட்டைப் பாடி, தேத்தண்ணி குடிக்கப் போய்விடும். தங்கள் மனிதர் இனிமேல் தங்கள் கோலைத் தானே காப்பார் என்ற நிம்மதி அவர்களுக்கு.

அந்த மைதானக்காரர்தான் இலங்கையின் பருத்தித்துறையிலிருந்து வந்த அமிர்தநாயகம். அந்தப் பெயரை ஊர் முதல் நாளே பாதியில் வெட்டி 'எமி' ஆக்கிவிட்டது. எமி என்பது பெண்பிள்ளைகளின் பெயரென்று அவருக்குத் தெரியவர ஆறு வருசம் பிடித்தது, அதற்குப் பிறகு மாற்ற யாருக்கும் மனமில்லை. இருபத்திநாலு வருசம் அந்த ஊரில் இருந்து இருந்து, இங்கிலீசெல்லாம் அவருடைய காதில் பருத்தித்துறைத் தமிழாகவே விழுந்துகொண்டிருந்தது. ஆகையால் இந்தக் கதையிலும் அப்படியே விழும்.

அவரிடம் ஒரு திருட்டுத்தனம் இருந்தது. மனிதச் சாம்பல் புல்லைக் கொல்லும், அதிலுள்ள உப்பு வேரைச் சுட்டுவிடும், இது புல்லோடு வேலை செய்கிற எவருக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மைதான மேலாளர் க்ராத்தோர்ன் விரலை நீட்டிச் சொன்னான்: "கோலுக்கு முன்னால ஒரு சொட்டை விழுந்தாலும் நீ வீட்டை போகலாம்." அமிர்தநாயகத்தின் பருத்தித்துறை வீட்டில் அப்போது ஆமி முகாம் போட்டிருந்தது. முதல் திங்கட்கிழமை வந்தது ஹரல்ட் பிளாக்கெட் என்ற பஸ் கண்டக்டரின் சாம்பல். குடும்பம் தேத்தண்ணிக்குப் போனதும் அமிர்தநாயகம் அந்தச் சாம்பலை மண்ணோடு சேர்த்து அள்ளித் தள்ளுவண்டியில் போட்டு, எங்கே கொட்டுவதென்று சுற்றிப் பார்த்தார். மைதானம் முழுக்கப் பச்சை. புல் முளைக்காத ஒரே இடம் கிழக்கு மூலை, வெளியூர் ரசிகர்கள் நின்று பாடும் மேடைக்கு நேர் கீழே, கொடிக்கம்பத்துக்குப் பின்னால். அங்கே கொட்டினார். அதற்குப் பிறகு வந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் அங்கேயே கொட்டினார். சாகும்வரை ரெட்மார்ஷைத் திட்டிய மனிதர்கள் செத்த பிறகு ரெட்மார்ஷ்காரரின் காலடியில் படுத்து அவர்களுடைய பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டில் ஹெப்பிள்டன் பெண்களைப் பற்றி இரண்டு வரி வரும், அதை இங்கே எழுத முடியாது.

இது தெரிந்த ஒரே ஆள் அவருடைய மனைவி தேவமலர். கழகத்தின் சலவை அறையில் இருபத்திரண்டு வருசம் ஆட்டக்காரர்களின் சட்டை தோய்த்தவர். வாய் நீளம். மனுசனுக்கும் தொலைக்காட்சிக்கும் முரண்டு பிடிக்கும் சலவை இயந்திரத்துக்கும் அவர் வைத்திருந்தது ஒரே ஏச்சு.

"உமக்கு வெக்கமில்லையே?" என்பார். "அந்தச் சனம் அழுதழுது தாட்டுப்போட்டுப் போகுது, நீர் தோண்டிக்கொண்டுபோய் எதிராளியின்ர காலுக்க கொட்டுறீர்."

"செத்த ஆக்களுக்கு எந்தக் கரையெண்டு தெரியவே போகுது?" என்பார் அமிர்தநாயகம்.

"எனக்குத் தெரியுமே! நான் செத்தால் எனக்குத் தெரியும்."

தேவமலர் அந்த வருசம் மாசியில் செத்துப்போனார். ஆசுபத்திரியில் கடைசியாக அவரிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டுதான் போனார். "என்னைக் கடலில கரைக்காதையும். இருபத்திரண்டு வருசம் இந்தப் பெடியளின்ர சேறு தோய்ச்சிருக்கிறன், வேற எந்த மண்ணை எனக்குத் தெரியும்? ஆனா முதல் அந்தச் சனத்தை அவையின்ர இடத்தில கொண்டுபோய் வையும். பிறகு என்னை அவையோட வையும். தனியக் கிடக்க மாட்டன்." அமிர்தநாயகம் ஓம் என்று தலையாட்டினார். ஓம் என்று சொல்வது சுகம். செய்தால் வேலை போகும், கழகம் கொடுத்த வீடு போகும், இருபத்திநாலு வருசத்துப் பேர் போகும். செய்யாவிட்டால் வாழ்க்கையில் அவள் கேட்ட ஒரே காரியம் போகும். சாம்பல் வீட்டில் சலவை இயந்திரத்தின் மேல் ஒரு மண்ணிற ஜாடிக்குள் இருந்தது, அவர் ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றார். மூன்றாவது கிழமைதான் நிலம் கூ அடித்தது.

ஊர் அதை ஏற்றுக்கொள்ளப் பத்து நாள்கூட எடுக்கவில்லை. முதலில் பொலிஸ் வந்து நிலத்தைத் தட்டிப் பார்த்தது, தண்ணீர்க் குழாய்க்காரர் வந்து தங்கள் குழாயில் பிழையில்லையென்று எழுதிக் கொடுத்தார்கள், பாதிரியார் வந்து நீர் தெளித்தபோது அவருக்கும் கூ விழுந்தது. அடுத்த ஆட்டத்தில் வானொலி வர்ணனையாளர் 'நிலத்தடி ரசிகர்கள் இன்றைக்குக் கடுப்பில் இருக்கிறார்கள்' என்று, காற்று வடக்கேயிருந்து வீசுகிறது என்று சொல்லும் குரலிலேயே சொன்னார். பக்கத்துத் தெருவுக்குக் காதடைப்பான் இலவசம். விதவைகள் மடக்குக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்து மேற்குக் கோலுக்கு முன்னால் வட்டமாக இருந்து, பின்னல் வேலை செய்தபடி, ஆருடைய கூ எதுவென்று பிரித்துச் சொன்னார்கள்.

"உது என்ர மனிசன்," என்றார் எண்பத்தாறு வயது டொரதி பிளாக்கெட். "முன்பல்லு இல்லை அவருக்கு. கூவுக்குள்ள ஒரு விசில் வரும், கேளுங்கோ."

உயிரோடு இருந்தபோது பேசி முடிக்காத சண்டைகளைப் பேசவும் ஆட்கள் வந்தார்கள். ஒருவன் அப்பனைப் பார்த்து, அதாவது நிலத்தைப் பார்த்து, அரைமணி நேரம் கத்திவிட்டு மனம் ஆறி வீட்டுக்குப் போனான்.

செத்தவர்கள் கூ அடிப்பது அவர்களுக்குப் பிரச்சினையில்லை, அது அவர்களுடைய குணம்தானே. யாருக்குக் கூ என்பதுதான் பிரச்சினை. சட்டையின் கடுகுப் பட்டியை ஒரு விரல் அகலம் குறைத்துவிட்டார்கள், அதற்குத்தான் என்றார்கள் சிலர். புதுக் கப்டன் வேறு தேசத்துக்காரன், அதற்குத்தான் என்றார்கள் வேறு சிலர். அவரவர் மனதில் என்ன வெறுப்பு இருந்ததோ அதைச் செத்தவர்களின் வாயில் திணித்துவிட்டு, பார்த்தீர்களா, அவர்களே சொல்கிறார்கள் என்றார்கள். இப்படிப் பட்டியைச் சொல்லி, கப்டனைச் சொல்லி, பயிற்சியாளரின் தாடியைச் சொல்லிக் கடைசியில் ஊர் வந்து நின்றது அமிர்தநாயகத்திடம். ஆர் அந்த மண்ணைக் கிண்டுகிறது? ஆருடைய கை அதில் படுகிறது? கசாப்புக் கடையில், முடிவெட்டும் கடையில், தபால்நிலைய வரிசையில் அவர் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. ஆட்டத்தின் இடைவேளையில் கிளம்பிய புல்லை மிதித்துச் சரிசெய்ய அவர் முள்வாரியோடு போனபோது உயிரோடு இருந்தவர்களும் கூ அடித்தார்கள். வீட்டு யன்னலில் முட்டை விழுந்தது. மதிலில் 'எங்கள் மண்ணை விடு' என்று மண்ணிறத்தில் எழுதியிருந்தது.

அமிர்தநாயகத்துக்குக் கோபம் வந்தது. எவ்வளவு கோபமென்றால், காரணம் இதுவென்று கத்திச் சொல்லிவிடலாம் போல வந்தது. இவர்கள் வெறுப்பது பிழையான காரணத்துக்காக. சரியான காரணம் ஒன்று இருக்கிறது, அது அவரிடம் இருக்கிறது. அந்த நினைப்பு அவருக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கனடாவிலிருந்து மச்சாள் தொலைபேசியில் ஏசினாள். "அத்தான், உங்களுக்கென்ன விசரே? அக்காவைப் பந்தடிக்கிற வளவுக்கையே புதைக்கப்போறியள்? அதுவும் பேய் கத்துற வளவு."

"பேயில்லைப் பிள்ளை. ஆக்கள்தான்," என்றார்.

சலவை அறை உழைப்புக்காக நாற்பது வருச விதியைத் தளர்த்தி, தேவமலருக்கென்று கழகம் குறித்துக் கொடுத்த திங்கட்கிழமை வந்தது. ஜாடியைத் தூக்கிக்கொண்டு மேற்குக் கோலடிக்குப் போனார். அங்கே டொரதி பிளாக்கெட் முழங்காலில் இருந்தார். காதுக் கருவியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, உள்ளங்கையைப் புல்லில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இஞ்ச ஒண்டுமில்லை," என்றார். "செவிடியைக் காது ஏமாத்தலாம், கை ஏமாத்தாது. அதிர்வு அங்காலயிருந்து வருது." கிழக்கு மூலையைக் காட்டினார். "எமி, என்ர மனிசன் எங்க?"

"காத்துக்கு அப்பிடியிருக்கும், மிஸஸ் பிளாக்கெட்."

கிழவி அவருடைய முகத்தை வெகுநேரம் பார்த்தார். "நாப்பது வருசம் ஒரு பஸ் கண்டக்டரோட குடும்பம் நடத்தினனான். பொய் சொல்லுற முகம் எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டுக் காதுக் கருவியை எடுத்துக்கொண்டு போனார்.

ஜாடியோடு அவர் வீட்டுக்குத் திரும்பி வந்தார். சலவை இயந்திரத்தின் மேல் அதை வைத்தபோது உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாமலிருந்தது. முப்பத்தைந்து வருசத்தில் அவள் அவரை ஏசாமல் விட்ட முதல் பொய் அது. அமிர்தநாயகம் சமையலறை நிலத்தில் இருந்து அழுதார்.

சனிக்கிழமை ரெட்மார்ஷோடு ஆட்டம். வருசத்துக்கு இரண்டு தரம் வரும் அந்த நாளில் ஊரில் கடைகள் பலகை அடிக்கும், இரண்டு ஊருக்கும் நடுவில் கட்டிய கலியாணங்கள் ஒரு நாளைக்குப் பிரிந்திருக்கும். ஆட்டம் மூன்று மணிக்கு. இரண்டேகாலுக்கு மேடைகளெல்லாம் நிறைந்து, இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் ஏசிப் பாடிக்கொண்டிருந்தபோது, அமிர்தநாயகம் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக வெளியே வந்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை, மைதானக்காரரை யார் கவனிக்கிறார்கள்? கிழக்கு மூலைக்குப் போய், ரெட்மார்ஷ்காரர் எறிந்த கடதாசிக் கோப்பைகளுக்கு நடுவில் நின்று, வெட்டத் தொடங்கினார். முதல் வண்டி நிறைந்தது. கோட்டோரமாகச் சுற்றிப் போயிருக்கலாம். அவர் மைதானத்தின் குறுக்காக, நடுவட்டத்தை நோக்கி, நேராகத் தள்ளினார்.

அப்போதுதான் கூ நகர்ந்தது.

இத்தனை நாளும் எங்கிருந்தென்று தெரியாமல் மண்ணுக்குள் பொதுவாக ஒலித்த கூ, இப்போது ஒரு தள்ளுவண்டிக்குள் இருந்து வந்தது. வண்டி மேட்டில் ஏறினால் கூ ஏறியது, வண்டி குலுங்கினால் கூ குலுங்கியது. நாற்பதாயிரம் தலைகளும் வண்டி போகிற வழியே திரும்பின. பாட்டுகள் நின்றன. நடுக்கோட்டைத் தாண்டியதும் வண்டிக்குள் கூ தணிந்து ஒரு முனகலானது, மேற்குப் பக்கத்துச் சொந்தக் கோல் நெருங்க நெருங்க முனகலும் தணிந்தது, கோல் கம்பத்துக்கு முன்னால் அவர் வண்டியைக் கவிழ்த்தபோது, நாள் முழுக்கச் சப்பாத்து போட்டிருந்தவர் அதைக் கழற்றும்போது விடுவாரே, அப்படி ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு அமைதி. கிழக்கு மூலையில் மிச்சமிருந்தவர்கள் மட்டும் கூ அடித்துக்கொண்டிருந்தார்கள். தள்ளுவண்டி திரும்பிப் போனது.

யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஊருக்கு விளங்கிவிட்டது. தங்கள் அப்பன்மாரையும் கணவன்மாரையும் தாய்மாரையும் இந்த மனுசன் இருபத்திநாலு வருசமாக ரெட்மார்ஷ்காரரின் காலடியில் போட்டு வைத்திருக்கிறான். ரெட்மார்ஷ்காரருக்கும் விளங்கியது, அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அந்தச் சிரிப்பை ஹெப்பிள்டன் இன்றைக்கும் மறக்கவில்லை. அதன்பிறகு உயிரோடிருந்தவர்களின் கூ எழுந்தது. அமிர்தநாயகம் ஊரில் போர்க்காலத்துச் செல்லடிச் சத்தம் கேட்டவர். இது அதைவிடக் கூட. பாதி தின்ற இறைச்சிப் பணிஸ்கள், போத்தல்கள், ஒரு சப்பாத்து, ஒரு கைத்தடி எல்லாம் அவர்மேல் விழுந்தன. க்ராத்தோர்ன் ஓடிவந்து, "நிப்பாட்டடா, புல்லு, புல்லு!" என்று கத்தினான். வண்டிக்குள் க்ராத்தோர்னின் தாய் இருந்தார். அவர் மகனைப் பார்த்து ஒரு கூ விட, அவன் ஒதுங்கி நின்றான்.

பதினேழு நடை. மூன்றாவது நடையில் டொரதி பிளாக்கெட் தடுப்பைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார், எண்பத்தாறு வயதுக் கிழவியை எந்தக் காவலாளி பிடிப்பான்?

"ஹரல்ட்!" என்று வண்டிக்குள் கத்தினார்.

விசிலோடு ஒரு கூ வந்தது.

கிழவி திரும்பி அமிர்தநாயகத்தின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். கைப்பையைத் திறந்து, விசில் வந்த இடத்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அதற்குள் போட்டார். "இனி உன்ர கையால வேண்டாம்," என்று சொல்லிவிட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தானே கோலடிக்கு நடந்தார்.

கடைசி நடையில் அவர் ஜாடியைக் கொண்டுவந்தார். யாரையும் பார்க்கவில்லை. முந்நூற்றுப் பதின்மூன்று பேரின் மண்ணுக்கு நடுவில் ஒரு குழி பறித்து, தேவமலரைக் கொட்டி, புல்லால் மூடி, இரண்டு கையாலும் அமுக்கிவிட்டார். பிறகு பொலிஸ்காரர் இரண்டு பக்கமும் பிடித்து அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள், அது அவரைக் காப்பாற்றவா கைது செய்யவா என்று அவர்களுக்கே தெரியவில்லை.

வேலை போனது. ஒரு மாதத்தில் வீடு போனது. சாகும்வரை மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாதென்று கழகம் கடிதம் அனுப்பியது, அதிலும் 'அன்புள்ள எமி' என்றே தொடங்கியிருந்தது. அவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறைக்குப் போனார். ஊர் அவரை மன்னிக்கவில்லை. மேற்குக் கோலுக்கு முன்னால் அவர் பயந்தது போலவே புல் செத்து, பெரிய சொட்டை விழுந்தது. அதை மூட யாருக்கும் துணிவில்லை. கோல்காப்பாளர்கள் அதில் வழுக்கினார்கள், அதுவும் மெல்ல மெல்லப் பாரம்பரியமானது.

செத்தவர்கள் அதற்குப் பிறகு கூ அடிக்கவில்லை. தை மாதம் ரெட்மார்ஷ் திரும்பவும் வந்து, முதல் அரைமணிக்குள் மூன்று கோல் போட்டது. மூன்றாவது கோலுக்குத் தடுப்பாட்டக்காரர்கள் சேற்றில் சும்மா சறுக்கி விழுந்து சட்டையை நாறடித்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. மைதானம் வாயடைத்து நின்றது. அப்போது சொட்டைக்கு அடியிலிருந்து ஒரு பெண்குரல், தமிழில், தனியாக, தெளிவாகக் கேட்டது.

"வெக்கமில்லையே உங்களுக்கு?"

தடுப்பாட்டக்காரர்கள் குனிந்து சட்டையைப் பார்த்தார்கள். குரல் திரும்பவும் கேட்டது. இந்தத் தரம் பக்கத்தில் கிடந்த முந்நூற்றுப் பதின்மூன்று பேரும் கூடச் சேர்ந்தார்கள், நாக்கு வளையாத இங்கிலீஸ் உச்சரிப்பில், ஒரு விசிலோடு. மூன்றாம் தரம் மேற்கு மேடை முழுக்க எழுந்து நின்று கத்தியது. ஆட்டம் மூன்றுக்கு நாலு என்று அல்பியன் பக்கம் முடிந்தது.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தச் சத்தம் கேட்கும். கழகத்தின் வரலாற்றுப் புத்தகத்தின் புதுப் பதிப்பில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்: தோல் பதனிட்ட மூதாதையர் பட்டறையில் ஒருவரையொருவர் உற்சாகப்படுத்தப் பாவித்த பழைய வட்டாரச் சொல் என்று. அமிர்தநாயகம் திருத்தம் கேட்டு மூன்று கடிதம் போட்டார், பதில் வரவில்லை.

அவர் சனிக்கிழமைகளில் மேற்கு மதிலுக்கு வெளியே வந்து நிற்பார். ஊர்க்காரர் அவரைக் கண்டால் இன்னும் காறித் துப்புவார்கள். உள்ளே மேடை எழுந்து கத்தத் தொடங்கும்போது, அவருக்கு முதலில் கோபம் பொத்துக்கொண்டு வரும். "உது உங்கடை இல்லையடா! உது என்ர வீட்டுப் பேச்சடா!" என்று மதிலைக் கையால் அடிப்பார். அந்த இரைச்சலில் அது யாருக்கும் கேட்காது. பிறகு நாற்பதாயிரம் பேரும் ஒரு நொடி மூச்செடுக்க நிற்பார்கள், அந்த இடைவெளியில் மண்ணுக்குள்ளிருந்து ஒரே ஒரு குரல், மற்றவர்கள் கேட்பதுபோலப் பன்மையில் இல்லாமல், ஓர் ஆளைப் பார்த்துக் கேட்கும்.

"உமக்கு வெக்கமில்லையே?"

அமிர்தநாயகம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மதிலோடு வாயை வைத்து, "கிடக்கப்பா," என்பார். "வெக்கம் கிடக்கு."